அது பேயில்லை, சவம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பில் பேய்ப்படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரமாகப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள், சரி, நல்ல யோசனைதான். அதில் 1968-இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருப்பதைப் பார்த்ததும், டீயைக்கூட எடுத்துக் குடிக்காமல் வாசலிலேயே உட்கார்ந்து வாசித்தேன். அந்தப் படமும் நானும் ஒரே வயது, அதனால் ஒரு தனிப் பாசம். வாசித்து முடித்தபோது டீ ஆறியிருந்தது, எனக்குச் சூடேறியிருந்தது.

கட்டுரையாளர் படத்தைப் பாராட்டத்தான் செய்திருக்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எப்படிப் பாராட்டியிருக்கிறார்? “குறைந்த செலவில் எடுக்கப்பட்டதால் உள்ள குறைகளைப் பொறுத்துக்கொண்டால் இன்றும் பார்க்கத்தக்க பேய்ப்படம்” என்கிறார். அதோடு விடாமல், கருப்பு வெள்ளை பிடிக்காத இளைஞர்களுக்கு வண்ணம் ஏற்றிய பதிப்பும் கிடைக்கிறது என்று சிபாரிசு வேறு. போதாக்குறைக்குக் கடைசிக் காட்சியையும் போட்டு உடைத்துவிட்டார். நான் கருங்கல் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேல் கல்யாண வீடியோ எடுத்தவன், அதற்கு முன்னால் வீடியோ கேசட் லைப்ரரி வைத்திருந்தவன், இந்தப் படத்தைக் குறைந்தது முப்பது தடவை பார்த்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் பேய் பற்றிய பத்தியை மட்டும் வெட்டாதீர்கள்.

முதலில் அதையே பேசிவிடலாம். அந்தப் படத்தில் பேய் கிடையாது. ஒரு பேய்கூடக் கிடையாது. பேய் என்றால் என்ன என்று எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், கள்ளியங்காட்டு நீலி பிறந்த ஊர் இது. நாகர்கோவிலுக்கு வெளியே கள்ளியங்காட்டு வழியில் ராத்திரி தனியாக வருகிறவனிடம் அழகாக வந்து நின்று சுண்ணாம்பு கேட்பாள் என்று பாட்டி சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். அவளுக்கு ஒரு கதை உண்டு, ஒரு வஞ்சம் உண்டு, யாரைத் தேடி வருகிறாள் என்பதற்கு ஒரு நியாயம் உண்டு. வில்லுப்பாட்டில் ராத்திரி முழுக்க அந்த நியாயத்தைத்தான் பாடுகிறார்கள். முறையாகக் கும்பிட்டால் அவள் அமர்ந்துவிடுவாள். இன்றைக்கும் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி இசக்கியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தானே போகிறார்கள். பேயோடு நமக்கு ஒரு பேச்சுவார்த்தை உண்டு, கொடுக்கல் வாங்கல் உண்டு.

படத்தின் இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ காட்டியவர்களிடம் அந்தப் பேச்சே எடுபடாது. அவர்களுக்கு வஞ்சம் இல்லை, ஆசை இல்லை, நீ யாரென்றுகூட அவர்களுக்குத் தெரியாது. செத்துப்போனவர்கள் எழுந்து நடக்கிறார்கள், அகப்பட்டவரைத் தின்கிறார்கள், அவ்வளவுதான். ‘ஜோம்பி’ என்ற சொல்கூடப் படத்தில் ஓரிடத்திலும் வராது, வேண்டுமானால் காதைத் தீட்டிக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள், இவர்களுக்கோ கால்தான் எல்லாம், அதையும் இழுத்து இழுத்துத்தான் வைக்கிறார்கள். இதற்குத் தமிழில் சரியான சொல் எங்கள் ஊரில் தயாராக இருக்கிறது: சவம். பிடிக்காத எதைப் பார்த்தாலும் “சவத்த விடுடே” என்று சொல்கிற ஆட்கள் நாங்கள். வேலை செய்யாத மோட்டாரும் சவம்தான், வராத பஸ்ஸும் சவம்தான். அந்தப் படத்துக்குள் நடப்பது நிஜமாகவே சவம். படத்தில் வருகிற போலீஸ் ஷெரீப்பிடம் ஒரு நிருபர், அவர்கள் மெதுவாகத்தான் நடப்பார்களா என்று கேட்பார். ஷெரீப் அலட்டிக்கொள்ளாமல், ஆமா, செத்தவங்கதானே, சீரழிஞ்சு கிடக்கிறாங்க என்கிற மாதிரி பதில் சொல்வார். எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார வேண்டிய ஆள்.

இந்தப் படம் என் கைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும், கருப்பு வெள்ளை விஷயம் அதில்தான் இருக்கிறது. 1987-இல் சவூதியிலிருந்து லீவில் வந்த அத்தான் கொண்டுவந்த கேசட்டுகளில் ஒன்று. அப்போதெல்லாம் வீடியோ டெக்கும் கலர் டிவியும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே வந்து உட்கார்ந்து விடிய விடிய மூன்று படம் பார்ப்பது வழக்கம். கலர் டிவிக்கென்று தனி வாடகை கொடுத்திருக்கிறோம். படம் ஓட ஆரம்பித்ததும் எல்லாம் சாம்பல் நிறம். எங்கள் அண்ணன் எழுந்து, “லேய், கலர் நட்டு எங்கடே இருக்கு?” என்று டிவி பின்னால் கைவிட்டுத் துழாவ, டெக்காரர் பதறிப்போய் எல்லா நட்டையும் திருகித் திருகிப் பார்த்தார். திரையில் அந்தப் பெண் கல்லறைத் தோட்டத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள், இங்கே இரண்டு பேர் அவளுக்குக் கலர் ஏற்றப் பார்க்கிறார்கள். உங்கள் கட்டுரையாளர் நம்மூர்ப் பையன்களுக்குச் சிபாரிசு செய்திருப்பதும் அந்த நட்டுத் திருகல்தான் ஐயா.

அந்தக் கல்லறைத் தோட்டக் காட்சியை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அண்ணனும் தங்கையும் கார் ஓட்டி வருகிறார்கள். ஜானி, பார்பரா. அப்பாவின் கல்லறையில் மலர்வளையம் வைக்க அம்மா அனுப்பியிருக்கிறாள். இருநூறு மைல் ஓட்டி வந்த எரிச்சலில் ஜானி முணுமுணுத்துக்கொண்டே வருகிறான். போன வருடம் வைத்த மலர்வளையம் என்னவாயிருக்கும், யாராவது எடுத்துத் துடைத்து மறுபடி விற்கிறானோ, ஒரே வளையத்தை நாம் எத்தனை தடவை காசு கொடுத்து வாங்கினோமோ என்கிறான். ஆசிரியர் அவர்களே, நவம்பர் 2-ஆம் தேதி எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பாருங்கள். தோவாளையில் பூ விலை ஏறியதைப் பற்றியும் மெழுகுதிரி விலையைப் பற்றியும் இதே பேச்சைக் கேட்பீர்கள். போன வருடம்கூட என் பக்கத்தில் ஒருத்தர், நாம் போனதும் ரோஜாவையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்விடுவான் பாரும் என்றார், கையில் கிரேந்தியும் வாடாமல்லியும் வைத்துக்கொண்டு. உலகத்தில் எங்கே போனாலும் செத்தவர்களைப் பார்க்கப் போகிற உயிருள்ளவர்கள் பூக்கணக்குத்தான் பேசுவார்கள் போலிருக்கிறது. அந்தச் சாதாரணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே தூரத்தில் ஒல்லியாக, கோட்டுப் போட்ட ஒருவன் தள்ளாடி நடந்து வருவது தெரியும். யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். வேறு யாரோ, அவரவர் சொந்தக்காரருக்குப் பூ வைக்க வந்தவர் என்றுதான் நமக்கும் தோன்றும். சின்ன வயதில் பயமுறுத்தியதைப் போல ஜானி தங்கையைச் சீண்டுவான், “உன்னைப் பிடிக்க வாறாங்க, பார்பரா.” அந்த ஆள் பக்கத்தில் வந்து, அவளைத் தாண்டப் போகிறான் என்று நினைக்கிற இடத்தில், பிடித்தேவிடுவான்.

வெட்டவெளி, பகல் வெளிச்சம், மேக்கப் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லாத ஒரு மனிதன், சாதாரண நடை. இதற்கு என்ன செலவாகியிருக்கும்? கல்லறைத் தோட்டம் பென்சில்வேனியாவில் எவன்ஸ் சிட்டி என்ற ஊரிலுள்ள நிஜக் கல்லறைத் தோட்டம். பார்பரா தப்பிக்கிற கார் அந்த ஜானியாக நடித்தவரின் அம்மா கார். சாவி இல்லாமல் பிரேக்கை விடுவித்து இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போய் மரத்தில் உரசி நிற்பாள். படப்பிடிப்பு நடந்த சமயத்தில் அந்தக் கார் வேறெங்கோ நசுங்கிவிட்டதாம், அந்த நசுங்கலுக்குக் காரணம் காட்டத்தான் மரத்தில் மோதுகிற மாதிரி வைத்தார்கள். இது குறையா? எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் சமாளிப்பு. தாலி கட்டும் நேரத்தில் கரண்ட் போனால் குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே எடுத்து, கடைசியில் அந்த ஆல்பத்தில் அந்தப் படம்தான் எல்லோருக்கும் பிடித்ததாக அமையுமே, அந்த மாதிரி.

மொத்தச் செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர். அன்றைய ஏழரை ரூபாய் கணக்கில் எட்டரை லட்சம் ரூபாய். பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சின்னக் கும்பல், தாங்களே பணம் போட்டு, ஆள் சேர்த்து, தாங்களே நடித்து எடுத்தது. கோபக்கார கூப்பராக வருகிற கார்ல் ஹார்ட்மன் தயாரிப்பாளர்களில் ஒருவர், அவருடைய நோயாளி மகளாக வருகிற சிறுமி அவருடைய நிஜ மகள். டிவி நிருபராக வருகிறவர் பிட்ஸ்பர்க் மக்களுக்கு நன்றாகத் தெரிந்த நிஜ டிவிக்காரர். அந்தப் பண்ணை வீடு எப்படியும் இடிக்கப்போகிற வீடு, அதனால் சுவரில் ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பின்னணி இசையைக்கூட ரெடிமேடாக இசை லைப்ரரியிலிருந்து எடுத்துப் போட்டார்கள், நாங்கள் நலங்குக்கும் வரவேற்புக்கும் கேசட்டிலிருந்து எடுத்துப் போட்டதைப் போல. அவர்கள் மட்டும் காசு கொடுத்து எடுத்தார்கள்.

இப்போது ரத்தத்துக்கு வருவோம். படத்தில் ரத்தம் என்று நாம் பார்ப்பது சாக்லேட் சிரப். சவங்கள் தின்கிற இறைச்சி, இறைச்சிக்கடை வைத்திருந்த ஒருவர் கொண்டுவந்த நிஜ இறைச்சி. கருப்பு வெள்ளையில் சாக்லேட் சிரப்பும் ரத்தமும் ஒரே கறுப்புத்தான், அதுவும் சிரப்பு கொஞ்சம் கெட்டியாகப் பளபளவென்று வழிவதால் நிஜ ரத்தத்தைவிட ரத்தமாகத் தெரியும். இதைக் கலராக்கினால் என்ன ஆகும்? கலராக்குகிறவன் உட்கார்ந்து அதற்குச் சிவப்பு அடிக்க வேண்டும், சவத்துக்குப் பச்சை அடிக்க வேண்டும். 1986-லேயே அடித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் வருகிற அந்த முதல் ஆள் பச்சை முகத்தோடு வந்தால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடாதா, இவன் பூ வைக்க வந்தவன் இல்லையென்று? காட்சியின் உயிரே அவன் நம்மைப் போல இருப்பதில்தானே இருக்கிறது.

ஒரே ஒரு ஆலஜன் விளக்கை வைத்துக்கொண்டு பத்து வருடம் ராத்திரிக் கல்யாணம் எடுத்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். விளக்கு ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை எங்கே வைப்பது என்று யோசித்தே ஆக வேண்டும். பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் முகத்தில் பாதி போய்விடும், பின்னால் சுவரில் நிழல் எழும்பி ஆளைவிடப் பெரிதாக நிற்கும். மணமகளின் அம்மாக்கள் என்னைத் திட்டியது அந்த நிழலுக்காகத்தான். ரொமேரோ அதே நிழலை வைத்து ஒரு வீட்டையே கட்டியிருக்கிறார். பத்து விளக்கு வாங்கப் பணம் இருந்திருந்தால் அந்த வீட்டின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்திருக்கும், பயம் எங்கே போய் ஒளிந்துகொள்ளும்? ஆகவே “குறைந்த செலவு என்றாலும்” என்ற வாக்கியத்தில் அந்த ‘என்றாலும்’ எனக்கு உறுத்துகிறது. குறைந்த செலவு என்பதால்தான் ஐயா.

சரி, வெளிச்சமும் சிரப்பும் போகட்டும். அந்தப் படம் எனக்கு முழுசாகப் புரிந்தது 2017 நவம்பர் 30-ஆம் தேதி. ஒக்கிப் புயல் அன்று.

கடலுக்குப் போனவர்களின் வீடுகளில் அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்று பேச எனக்குத் தகுதியில்லை. நான் சொல்வது கரையில், வீட்டுக்குள் பத்திரமாக இருந்தவன் கதை. எங்கள் வீடு கான்கிரீட் வீடு என்பதால் பக்கத்து ஓட்டு வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள், மொத்தம் பதினாலு பேர். ரப்பர் மரம் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் வெடிச்சத்தம் மாதிரி. மேற்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடி உடைந்து மழை உள்ளே அடிக்க, நானும் மச்சானும் சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்து அதன் பலகையை எடுத்து ஆணி அடித்தோம். சுத்தியலை ஓங்கும்போதுதான் சட்டென்று உறைத்தது, இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். படத்தில் பென் என்பவன் அந்தப் பண்ணை வீட்டில் கையில் கிடைத்த மேசைக்கால், கதவு, இஸ்திரி மேசை என்று ஒன்றுவிடாமல் எடுத்து ஜன்னல்களில் அடித்துக்கொண்டே இருப்பான். நீளமான காட்சி, சிலருக்கு அலுக்கும். புயலுக்கு ஆணி அடித்தவனுக்கு அலுக்காது.

கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை, பேட்டரி ரேடியோ ஒன்றுதான். அதைச் சுற்றி எல்லோரும். ரேடியோ ஒன்று சொல்லும், நனைந்துகொண்டு ஓடிவருகிறவன் இன்னொன்று சொல்வான். அணை உடைந்துவிட்டது என்று ஒருவன். அதெல்லாம் இல்லை என்று இன்னொருவன். அங்கே தொடங்கியது எங்களுக்குள் சண்டை. எல்லோரும் மாடிக்குப் போய்விடலாம் என்று மச்சான். மாடிக்குப் போனால் தகரம் பறந்து வந்து கழுத்தை அறுக்கும், கீழேயே இருப்போம் என்று நான். குரல் உயர்ந்தது. பிள்ளைகள் அழுதார்கள். மனைவி இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டன்சாயா போடப் போய்விட்டாள். புயல் போன பிறகும் நானும் மச்சானும் ஒரு மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை, இதில் புயலுக்கு என்ன பங்கு?

படமும் இதுதான். வெளியே சவங்கள் மெதுவாகத்தான் வருகின்றன, வேகமாக நடந்தாலே தப்பிவிடலாம். உள்ளே ஏழு பேர், அவர்கள்தான் பிரச்சினை. கீழே நிலவறையில் போய்ப் பூட்டிக்கொள்ளலாம், அதற்கு ஒரே கதவு என்று கூப்பர். நிலவறை எலிப்பொறி, வழியே இல்லாமல் மாட்டிக்கொள்வோம், மேலேயே இருந்து பார்ப்போம் என்று பென். கூப்பரைப் பார்த்தாலே நமக்குப் பிடிக்காது, சுயநலக்காரன், பயந்தாங்கொள்ளி. பென் தைரியசாலி, பொறுப்பானவன், அதிர்ச்சியில் உறைந்து கிடக்கிற பார்பராவுக்குச் செருப்பைத் தேடி எடுத்து வந்து காலில் மாட்டிவிடுகிறவன். அதனால் பென் சொல்வதெல்லாம் சரி என்று நாமும் அவன் பக்கம் சேர்ந்துவிடுவோம். டிவியில் சொன்ன மீட்பு முகாமுக்கு லாரியில் தப்பிப் போகலாம் என்ற திட்டத்தில் இரண்டு இளசுகள் எரிந்து போகிறார்கள். கடைசியில் எல்லாம் நொறுங்கி, பென் ஒருத்தன் மட்டும் மிச்சமாகி, அந்த ராத்திரியை எங்கே உட்கார்ந்து உயிரோடு கழிக்கிறான்? நிலவறையில். கூப்பர் சொன்ன அதே நிலவறையில், கூப்பர் சொன்னபடியே கதவை அடைத்துக்கொண்டு. நல்லவன் தப்பாகவும் கெட்டவன் சரியாகவும் சொல்லியிருக்கலாம் என்று ஒரு பயங்கரப்படம் சத்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போகிறது. இதைக் கட்டுரையாளர் ஒரு வரிகூடத் தொடவில்லை, ஆனால் ஒலிப்பதிவு தெளிவாக இல்லை என்று மூன்று வரி எழுதியிருக்கிறார். (எங்கள் வீட்டில் மச்சான் சொன்னது சரியா நான் சொன்னது சரியா என்பது இன்னும் முடிவாகவில்லை. தகரம் பறந்து வந்தது உண்மை. கீழே முழங்கால் அளவு தண்ணீர் ஏறியதும் உண்மை.)

கடைசிக் காட்சியை நீங்கள் ஏற்கெனவே அச்சிட்டுவிட்டதால் நான் சொல்வதில் பாவம் இல்லை. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். கதையில் அப்படி எழுதியிருக்கவில்லை, நடிப்புத் தேர்வுக்கு வந்தவர்களில் அவர்தான் நன்றாகச் செய்தார் என்று எடுத்துக்கொண்டார்கள். படத்தில் ஒருவர்கூட அவர் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். விடிகிறது, துப்பாக்கிகளோடும் நாய்களோடும் ஒரு கூட்டம் வயலில் வருகிறது, வெளியே சத்தம் கேட்டு பென் மேலே வந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறான், தூரத்திலிருந்து அவனையும் சவம் என்று எண்ணி நெற்றியில் சுட்டுவிடுகிறார்கள். நெருப்பில் போட இன்னும் ஒன்று என்கிறார் அந்த ஷெரீப். படப்பெட்டியை காரில் வைத்து நியூயார்க்குக்குக் கொண்டு போகும்போதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டதாக ரொமேரோ பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1968 ஏப்ரல் 4.

அதற்கப்புறம் வருவதுதான் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் அது உங்கள் தொழில். படம் அசைவதை நிறுத்திவிடும். வரிசையாகப் புகைப்படங்கள். புள்ளி புள்ளியாக, மங்கலாக, பழைய செய்தித்தாளில் அச்சான புகைப்படம் போலவே. கையில் இறைச்சிக் கொக்கியோடு நிற்கிறவர்கள், தரையில் கிடக்கிற முகம், தூக்கிக் கொண்டுபோய் விறகில் போடுவது. ராத்திரி முழுக்க நாம் கூடவே இருந்து பார்த்த ஒரு மனிதன், அடுத்த நாள் பேப்பரில் பெயர் தெரியாத சடலங்களில் ஒன்றாக ஆகிவிடுகிறான். இதைப் பச்சையும் சிவப்புமாகப் பார்க்கச் சொல்கிறீர்களா?

இரண்டு வருடம் முன்பு எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, புரொஜெக்டர் வைத்து இதைப் போட்டேன். சின்னப் பிள்ளைகளை முதலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், ஏனென்றால் அமெரிக்காவில் வெளியான புதிதில் மதியக் காட்சிக்குச் சின்னப் பிள்ளைகளை அனுமதித்து, அவர்கள் அழுததைப் பற்றி ரோஜர் ஈபர்ட் என்ற விமர்சகர் எழுதியதை வாசித்திருக்கிறேன். காலேஜ் பையன்கள்தான் இருந்தார்கள். “கலர்ல இல்லையா அங்கிள்?” என்று ஆரம்பித்தார்கள், முதல் பத்து நிமிடம் சிரித்தார்கள், ஒருவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். நிலவறையில் அந்தச் சிறுமி கொத்தனார் கரண்டியைக் கையில் எடுத்த இடத்தில் போன் பைக்குள் போனது. ஆனால் அவர்கள் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்தது கடைசிப் புகைப்படங்களுக்குத்தான். விளக்கைப் போட்டதும் ஒருவன் கேட்டான், “அவன் கறுப்பன்னு சுட்டானா, இல்ல தெரியாமச் சுட்டானா?” படம் பதில் சொல்லவில்லை என்றேன். பையன்கள் விடவில்லை, சாயாக்கடை அடைக்கிற வரைக்கும் வாக்குவாதம். ஆளைத் தூரத்தில் பார்த்தே இவன் இன்னார் என்று முடிவு கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், இன்ன சாதிப் பெண்கள் தோளில் சீலை போடக்கூடாது என்றதை எதிர்த்துத் தோள்சீலைக் கலகம் நடந்த ஜில்லாவில் பேச்சு எங்கெல்லாம் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சின்ன விஷயம், இதைக் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். படத்துக்கு முதலில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். விநியோகஸ்தர் பெயரை மாற்றி டைட்டில் கார்டைப் புதிதாகப் போட்டபோது, பழைய கார்டில் இருந்த காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போயிற்று. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லையென்றால் உரிமை இல்லை. அந்த ஒற்றை வரியால் படம் யாருக்கும் சொந்தமில்லாமல் போனது, யார் வேண்டுமானாலும் பிரதி போட்டார்கள், எடுத்தவர்களுக்கு வர வேண்டிய பணத்தில் பெரும்பகுதி வரவில்லை. அதனால்தான் தேய்ந்த, மங்கலான பிரதிகள் உலகம் முழுக்கச் சுற்றின, அதில் ஒன்று சவூதி போய், அத்தான் பெட்டியில் ஏறிக் கருங்கலுக்கு வந்தது. நான் கேசட் லைப்ரரி நடத்திய காலத்தில் அதைப் பிரதி எடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறேன். என் அலமாரியில் இருந்த கேசட்டுகளில் மனச்சாட்சி உறுத்தாமல் வைத்திருந்திருக்கக்கூடிய ஒரே கேசட் அதுதான் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். கட்டுரையாளர் பார்த்துக் குறை சொன்னதும் அப்படியொரு தேய்ந்த பிரதியாக இருக்கலாம். 2016-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் இன்னொரு அமைப்பும் சேர்ந்து படத்தை அருமையாகச் சீரமைத்திருக்கிறார்கள், ரொமேரோ இறப்பதற்கு முந்தின வருடம். அதில் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு என்றால் கிணற்றுக் கறுப்பு.

என் கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கலர்ப் பதிப்புச் சிபாரிசை ஒரு திருத்தமாகப் போட்டுத் திரும்பப் பெறுங்கள். கட்டுரையோடு வந்த படத்தை இரண்டு பத்தி அகலத்தில் குறுக்கி, ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் பூசணிக்காய் வேறு போட்டிருந்தீர்கள். நம்மூரில் பூசணிக்காயைத் திருஷ்டிக்குத் தெருவில் உடைப்பார்கள், பேய்க்கு வைக்கிற வழக்கம் எப்போது வந்தது?

அப்புறம் என் அக்கா. அப்பா கல்லறைக்கு வருடாவருடம் நாங்கள் இரண்டு பேரும்தான் போகிறோம். நான் ஒவ்வொரு வருடமும் வாசலில் நின்று, “அக்கா, உன்னப் பிடிக்க வாறாவ” என்பேன், அவள் மெழுகுதிரிப் பாக்கெட்டாலேயே முதுகில் ஒன்று போடுவாள். அது எந்தப் படத்தில் வருகிறதென்று அவளுக்குத் தெரியாது, எனக்கு அறிவில்லாததால் சொல்கிறேன் என்றே நினைத்திருந்தாள். ஓய்வு பெற்ற பிறகு இந்தத் திருநாள் ராத்திரி உட்கார்ந்து முழுப்படத்தையும் பார்க்கிறேன் என்று முதல்முறையாக ஒத்துக்கொண்டாள். சீரமைத்த பிரதியும் தயார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு போன் செய்து, “எடேய், எனக்க பேப்பர்ல போட்டிருக்கானே, கடைசீல அந்தப் பாவத்தையும் சுட்டுப்போடுவானாமே?” என்கிறாள்.

இப்படிக்கு,
பழைய வீடியோக்காரர் ஒருவர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.